வறட்சி நாளில் ஓர் ஆற்றைப் பங்கிடும் முறை

தைப்பூசம் முடிந்து காவடிகள் இறங்கிய பிறகு வரும் நான்கைந்து வாரங்கள்தான் பினாங்கிலும் கெடாவிலும் ஓர் ஆற்றின் உண்மையான அளவைக் காட்டும் காலம். மலேசியத் தீபகற்பத்தின் வடமேற்கில் ஆண்டின் மிக வறண்ட நாட்கள் அவை. அக்டோபரில் கரை தளும்ப ஓடிய ஆறு அப்போது மணல்திட்டுகளுக்கு இடையே ஒதுங்கி ஓடும். பாலத் தூணில் பழைய நீர்மட்டம் விட்டுச்சென்ற சேற்றுக்கோடு ஆள் உயரத்துக்கு மேலே காய்ந்து கிடக்கும். ஆற்று நீரைப் பங்கிட உட்காருகிறவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே எஞ்சியிருக்கும் தண்ணீரைத்தான் பங்கிடுகிறார்கள். ஆனால் கூட்டங்களில் மேசைமீது வைக்கப்படுவது பெரும்பாலும் ஆண்டுச் சராசரிக் கணக்கு. சராசரிக் கணக்கில் எல்லாருக்கும் தண்ணீர் இருக்கும், பிப்ரவரியில் இருக்காது.

புதிய தொழிற்பேட்டைக்கு ஆற்று நீர் கேட்கிறார்கள், வாய்க்கால் பாசனத்தை நம்பியிருக்கும் கம்பங்களும் (சிற்றூர்களும்) மலையடிவாரத்துப் பூர்வகுடி மக்களும் அதே ஆற்றை நம்பியிருக்கிறார்கள், நீங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பிலோ விவசாயிகள் குழுவின் சார்பிலோ கருத்துச் சொல்ல அழைக்கப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்துக்கு என்னென்ன கணக்கோடு போக வேண்டும், எதை எழுத்தில் வாங்க வேண்டும் என்பதை விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். நம் தமிழர்களில் பலர் பாயான் லெப்பாஸ், கூலிம் தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். நம் வீட்டுச் சோற்றுக்கான அரிசியில் ஒரு பங்கு கெடாவின் வயல்களிலிருந்து வருகிறது. ஆகவே இரு தரப்பின் தேவையும் நமக்குப் புரியும். நான் செபராங் பிறையில் குடியிருப்பவன். சில ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததிலிருந்து கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஆற்றை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் ஆற்றை மேலிருந்து கீழாக வரைந்து, யார் எங்கே எடுக்கிறார்கள், எடுத்ததில் எவ்வளவு மறுபடி ஆற்றுக்கு வருகிறது என்ற இரண்டையும் குறிக்க வேண்டும். முதல் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. இதற்கு மூடா ஆற்றைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் வேறில்லை.

மூடா ஆறு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். உலு மூடா காட்டில் பிறந்து, கெடாவின் உள்நாட்டைக் கடந்து, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் சேர்கிறது. மேல்பகுதியிலுள்ள மூடா அணையில் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடு அணைக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து கெடா சமவெளியின் ஏறத்தாழ 100,000 ஹெக்டர் நெல் வயல்களுக்குப் போகிறது. 1966 இல் தொடங்கி 1970 இல் நிறைவேறிய அந்தப் பாசனத் திட்டம்தான் அங்கே ஒரு போகத்தை இரு போகமாக்கியது. அதாவது, மூடாவின் தலைப்பகுதித் தண்ணீரில் ஒரு பங்கு மூடாவின் கீழ்ப்பகுதிக்கு வருவதே இல்லை. வேறொரு படுகைக்குப் போய்விடுகிறது. கீழ்ப்பகுதியின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்த 2004 இல் பெரிஸ் அணை வந்தது. அதற்கும் கீழே லாஹார் தியாங்கில் பினாங்கு தன் குடிநீருக்கான ஆற்று நீரை எடுக்கிறது; பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் ஆற்று நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரே ஆற்றிலிருந்து கிடைக்கிறது. செபராங் பிறையின் நெல் வயல்களும் இதே ஆற்றிலிருந்து நீர் இறைக்கின்றன.

இப்போது திரும்பி வரும் நீரைப் பாருங்கள். வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி வடிகாலில் இறங்கிக் கீழே இருப்பவருக்குக் கிடைக்கிறது. குழாய் வழியாகப் பினாங்குத் தீவுக்குப் போன தண்ணீரோ, 1972 இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பயன்பட்டாலும் ஜார்ஜ் டவுன் வீட்டில் பயன்பட்டாலும், கடைசியில் கடலுக்குத்தான் போகும். ஒரு சொட்டும் மூடாவுக்குத் திரும்பாது. ஆகவே ஒரே அளவு தண்ணீரை எடுக்கும் இருவர் ஆற்றுக்கு ஒரே அளவு இழப்பை ஏற்படுத்துவதில்லை. உங்கள் வரைபடத்தில் எடுக்கும் இடத்துக்கு ஒரு நிறமும், கழிவு நீர் வெளியேறும் இடத்துக்கு வேறொரு நிறமும் கொடுங்கள். புதிய தொழிற்சாலையின் கழிவு நீர் எடுத்த இடத்துக்கு மேலே சேர்கிறதா, கீழே சேர்கிறதா, கடலில் சேர்கிறதா என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் அடுத்த கட்டத்துக்கு நகராதீர்கள்.

மீட்டர் இல்லாதவரை முதல் வரியில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாநிலத்தில் நடந்த ஒரு கலந்தாய்வுக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். நீர்த் தேவைப் பட்டியல் திரையில் காட்டப்பட்டது. நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தொழிற்பேட்டை, வயல்கள், மீன் வளர்ப்புக் குளங்கள் என்று பதினொரு வரிகள் இருந்தன. மலை ஓடையில் கறுப்புக் குழாய் போட்டுக் குடிக்கவும் மரவள்ளித் தோட்டத்துக்கும் நீர் கொண்டுபோகும் பூர்வகுடிக் கம்பம் ஒன்று அதே ஆற்றின் தலையில் இருந்தது. அதற்கு வரியே இல்லை. கேட்டபோது, அவர்களிடம் மீட்டரும் இல்லை, உரிமமும் இல்லை, ஆகவே அளவு கிடைக்கவில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர் கெட்ட மனிதர் அல்லர். தன் அட்டவணையில் எண் இல்லாத எதையும் அவரால் பார்க்க முடியவில்லை. கம்பத்தின் பெரியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமும் மலாயில் தொழில்நுட்பச் சொற்களாக ஓடிய கூட்டத்தில் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. இன்றும் அது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பட்டியலில் வரி இல்லாதவரின் பங்கு பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு அந்தப் பூஜ்யத்தின்மீதே அணையும் குழாயும் கட்டப்படும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஜொகூரில் லிங்கியு அணைக்காக ஜகூன் என்ற பூர்வகுடி மக்கள் நடமாடி வாழ்ந்த 53,000 ஏக்கருக்கும் அதிகமான காட்டு நிலம் எடுக்கப்பட்டபோது, அவர்கள் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. அடோங் பின் குவாவ் என்பவர் உள்ளிட்டோர் தொடுத்த அந்த வழக்கில் 1997 இல் உயர் நீதிமன்றம் 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பட்டா இல்லாவிட்டாலும் பாரம்பரிய நிலத்தின்மீது பூர்வகுடி மக்களுக்கு உரிமை உண்டு என்பதை அந்தத் தீர்ப்பும், 2002 இல் தெமுவான் என்ற மற்றொரு பூர்வகுடி மக்களுக்குக் கிடைத்த சாகோங் தாசி தீர்ப்பும் நிலைநாட்டின. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கு நீர் தரும் சிலாங்கூர் ஆற்று அணைக்காகவும் கெராச்சி, பெரெதாக் கம்பங்களின் தெமுவான் மக்கள் இடம் பெயர்ந்தார்கள். கோலாலம்பூரில் குழாயைத் திறக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் தெரியும்?

உலகில் இந்தக் கேள்வி நூற்றாண்டுக்கு முன்பே சட்டமாகியிருக்கிறது. அமெரிக்காவின் மொண்டானாவில் மில்க் ஆற்றின் நீரை மேல்பகுதிக் குடியேறிகள் திருப்பிக்கொண்டபோது, ஃபோர்ட் பெல்க்நாப் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தினருக்காகத் தொடரப்பட்ட வின்டர்ஸ் வழக்கில் 1908 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு நேரான விதியைச் சொன்னது. பயிர் செய்து வாழ நிலம் ஒதுக்கப்பட்டதென்றால், அந்தப் பயிருக்கான நீரும் சேர்த்தே ஒதுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அவர்கள் இன்றுவரை எவ்வளவு எடுத்தார்கள் என்பது அந்த உரிமைக்கு அளவுகோல் ஆகாது. அரிசோனாவில் கிலா ஆற்றங்கரைப் பழங்குடியினர் பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டிப் பயிரிட்டவர்கள். மேலே இருந்த குடியேறிகள் ஆற்றைத் திருப்பியதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களின் வயல்கள் காய்ந்தன. 2004 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி கன மீட்டர் நீருக்கான உரிமை அவர்களுக்கு உறுதிசெய்யப்பட்டது. அதில் ஒரு பகுதியை அவர்கள் நகரங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். முதலில் உரிமையை உறுதிசெய்து, பிறகு உரிமையாளரிடமே நகரமும் தொழிலும் பணம் கொடுத்து நீர் வாங்குகிற இந்த வரிசையை நம் பேச்சுவார்த்தைகளிலும் முன்வைக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். ஆற்றின் தலையிலிருந்து கடைமடை வரை நடந்து, மீட்டர் இல்லாத ஒவ்வொரு பயனாளரையும் எழுதுங்கள். கெடாவின் பாலிங் வட்டாரத்தில் வாழும் கென்சியு மக்களைப் போன்ற சிறு சமூகங்கள் இருக்கும் இடங்களில், கூட்டத்தை நகராண்மைக் கழக மண்டபத்தில் வைக்காமல் அவர்களுடைய கம்பத்திலேயே வைக்கக் கேளுங்கள். தலைவர் தோக் பத்தின் ஒருவரின் கையெழுத்தை மட்டும் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. தண்ணீர் சுமக்கும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 2007 இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக மலேசியாவும் வாக்களித்தது. நிலத்தையும் நீரையும் பாதிக்கும் திட்டத்துக்கு முன்கூட்டியே, கட்டாயம் இன்றி, முழு விவரம் தெரிந்த சம்மதம் பெற வேண்டும் என்கிறது அதன் 32 ஆவது பிரிவு. அந்த எண்ணைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

ஓட்டத்தை நீங்களே அளக்கலாம்

அதிகாரபூர்வ ஓட்ட அளவுகளை வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். குறைந்தது பத்தாண்டுகளின் தினசரி அளவைக் கேளுங்கள். பத்தில் ஒன்பது நாட்களில் ஆற்றில் உறுதியாக இருக்கும் ஓட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஒரு எண்தான் பங்கீட்டுக்கு அடித்தளம். ஆனால் சிற்றோடைகளுக்கும் கிளை வாய்க்கால்களுக்கும் பதிவுகள் இருப்பது அரிது. அவற்றை ஒரு காலை நேரத்தில் நீங்களே அளந்துவிடலாம்.

வாய்க்காலில் நேராக ஓடும் 20 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, இரு முனைகளிலும் குறுக்கே கயிறு கட்டுங்கள். அகலத்தை அளந்து, அந்த அகலத்தில் நான்கைந்து இடங்களில் கம்பை இறக்கி ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பிறகு மேல் கயிற்றுக்குச் சற்று மேலே ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போடுங்கள். சீனப் புத்தாண்டின் கடைசி இரவான சாப் கோ மேயில் பினாங்கு எஸ்பிளனேட் கடலில் வீசுகிறார்களே, அதே பழம்தான். பெரும்பகுதி நீருக்குள் மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது, ஓட்டத்தோடு மட்டும் போகும். முதல் கயிற்றிலிருந்து இரண்டாம் கயிற்றுக்கு எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பாருங்கள். பழம் கரை ஓரத்தில் சிக்கிய தடவையைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மேற்பரப்பில் நீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடுவதால் கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 1.2 சதுர மீட்டர். பழம் 20 மீட்டரை 50 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், திருத்திய வேகம் 0.34. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 0.408 கன மீட்டர், அதாவது 408 லிட்டர். ஒரு நாளில் அது ஏறத்தாழ 35 மில்லியன் லிட்டர். தேதி, மணி, கடைசியாக மழை பெய்த நாள் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாத அளவைக் கூட்டத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

தேவையை ஒரே அலகில் எழுதுங்கள்

பொறியாளர் விநாடிக்குக் கன மீட்டர் என்பார், குடிநீர் நிறுவனம் நாளுக்கு மில்லியன் லிட்டர் என்னும், விவசாயி வயலில் எத்தனை அங்குலம் நிற்கிறது என்பார். மூவரும் ஒரே தண்ணீரைப் பற்றிப் பேசினாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிவதில்லை. எல்லாவற்றையும் விநாடிக்கு லிட்டராக மாற்றிவிடுங்கள். நாளுக்கு ஒரு மில்லியன் லிட்டர் என்பது விநாடிக்கு 11.6 லிட்டர். ஒரு ஹெக்டர் வயலில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். நெல்லுக்கு ஆவியாதல், நிலத்தில் இறங்குதல் இரண்டும் சேர்த்து நாளுக்கு 10 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு ஹெக்டருக்கு விநாடிக்குச் சுமார் 1.2 லிட்டர் தேவைப்படும்.

ஒரு கற்பனை ஆற்றை எடுத்துக்கொள்வோம். வறட்சியில் உறுதியான ஓட்டம் விநாடிக்கு 600 லிட்டர். ஆறு ஆறாக இருக்கவும், மீன் பிழைக்கவும், முகத்துவாரத்தில் உப்பு நீர் ஏறாமல் தடுக்கவும் 150 லிட்டரை ஒதுக்குகிறோம். 5,000 பேரின் வீட்டுத் தேவை, ஆளுக்கு நாளுக்கு 200 லிட்டர் என்றால், 12 லிட்டர். நாற்பது குடும்பங்கள் கொண்ட பூர்வகுடிக் கம்பத்தின் வீட்டுத் தேவைக்கும் 6 ஹெக்டர் தோட்டத்துக்கும் சேர்த்து 4 லிட்டர். 250 ஹெக்டர் வயலுக்கு 300 லிட்டர். தொழிற்பேட்டை கேட்பது 200 லிட்டர். கூட்டினால் 666, இருப்பதோ 600.

அந்த 4 லிட்டரை ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு கம்பம் முழுவதும் வாழ்வதற்கான அந்த நீர், பற்றாக்குறையாக நிற்கும் 66 லிட்டரில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் குறைத்தால் தொழிற்பேட்டைக்கு எந்தப் பயனும் கிடையாது, கம்பமோ அழிந்துபோகும். எண்ணாக எழுதாதவரை யாருக்கும் இது தெரிவதில்லை.

ஆற்றுக்குரிய 150 லிட்டரைக் கைவைக்க எளிதான வரியாகப் பார்ப்பார்கள். அதற்காகப் பேச அங்கே யாரும் இல்லை. மூடாவின் முகத்துவாரத்துக்கு அருகே தடுப்பணை கட்டியதற்கு ஒரு காரணமே கடல் உப்பு மேலேறி வயலையும் குடிநீர் எடுக்கும் இடத்தையும் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என்று நினைவூட்டுங்கள்.

வயல் தரப்பு விட்டுக்கொடுக்கக்கூடியது

விவசாயியிடம் தண்ணீரைக் குறை என்று சொல்வதற்கு முன், எந்த நாளில் குறைத்தால் விளைச்சல் பாதிக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய காய்ச்சலும் பாய்ச்சலும் முறை இதற்கு உதவும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் நெருக்கமாகத் துளையிட்டு, 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளும் 15 சென்டிமீட்டர் வெளியிலும் இருக்குமாறு வயலில் பதித்து, உள்ளே புகுந்த சேற்றைக் கையால் அள்ளிவிட வேண்டும். பயிர் வேர் பிடித்த பிறகு, நட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, வயலில் நின்ற நீரை வற்ற விடலாம். மேலே தரை காய்ந்து மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். ஆனால் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் சற்றுக் கீழே தண்ணீர் மின்னும். அந்த நீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை பாய்ச்சத் தேவையில்லை. இறங்கியதும் 5 சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் காலத்தில், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், இந்தச் சோதனையே கூடாது. நீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இவ்வாறு செய்தால் பாசன நீரில் 15 முதல் 30 விழுக்காடுவரை மிச்சப்படும். நம் கற்பனை ஆற்றில் 20 விழுக்காடு மிச்சம் என்றால் 60 லிட்டர் கிடைத்துவிடும்.

இதற்கு மேலும் குறைய வேண்டுமென்றால் முறை வைக்க வேண்டும். வயல்களை மூன்று பிரிவாகப் பிரித்து, விதைப்பைப் பத்து நாள் இடைவெளியில் தொடங்கினால், மூன்றும் ஒரே வாரத்தில் பூக்காது. தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். சில ஊர்களில் கம்புகட்டி என்பார்கள். எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்பதை அவர் ஒருவரே முடிவு செய்தார். அவருக்கு ஊரார் நெல்லாகக் கூலி கொடுத்தார்கள். பல ஊர்களில் அவர் நிலமில்லாதவர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அவருக்குச் செய்யப்பட்ட அநீதியை மறக்காமலே அந்த ஏற்பாட்டின் அறிவை நாம் எடுத்துக்கொள்ளலாம்: மதகின் சாவி, பாய்கிற நீரால் தனக்கு ஆதாயம் இல்லாதவர் கையில் இருக்க வேண்டும். அவருக்குரிய சம்பளத்தை எல்லாப் பயனாளரும், தொழிற்சாலையும் சேர்த்து, கொடுக்க வேண்டும். முறையைக் கடைமடையிலிருந்து தொடங்கி மேலே வரச் சொல்லுங்கள். தலைமடையில் தொடங்கினால் கடைமடைக்கு முறை வரும்போது தண்ணீர் இருக்காது.

தொழிற்சாலையிடம் கேட்க வேண்டியது

தொழிலுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று வாதிடாதீர்கள். குறைக்கடத்திச் சில்லுகளைக் கழுவ மிகத் தூய நீர் வேண்டும்; ஒரு நாள் நீர் நின்றால் பெரும் இழப்பு ஏற்படும்; அங்கே வேலை செய்பவர்கள் நம் பிள்ளைகள். ஆனால் தொழிற்சாலைக்கு வயலிடம் இல்லாத இரண்டு வசதிகள் உண்டு. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த முடியும். மழைக்காலத்தில் சேமித்து வைக்க முடியும்.

குளிரூட்டும் கோபுரத்தில் எத்தனை சுற்று அதே நீர் ஓடுகிறது, சவ்வு வடிகட்டியில் ஒதுக்கப்படும் நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். தூய நீர் தயாரிக்கும்போது கழிக்கப்படும் அந்த நீர் கழிப்பறைக்கும் குளிரூட்டலுக்கும் பெரும்பாலும் போதுமானது. சிங்கப்பூர் 2003 இலேயே கழிவு நீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்ற பெயரில் வழங்கத் தொடங்கியது. அதன் முக்கிய வாடிக்கையாளர்களே சில்லுத் தொழிற்சாலைகள். நம் கற்பனைத் தொழிற்பேட்டை 20 விழுக்காட்டை மறுபயன்பாட்டால் ஈடுகட்டினால் தேவை 160 லிட்டராகிவிடும். வயலின் 60, தொழிலின் 40 ஆகிய இரண்டும் சேர்ந்து 66 லிட்டர் பற்றாக்குறையைத் தீர்த்து மேலும் 34 லிட்டர் மிச்சம் வைக்கும்.

ஓட்டம் 600 லிட்டருக்கும் கீழே போகும் கொடும் வறட்சியில் சேமிப்புக் குளம்தான் கைகொடுக்கும். விநாடிக்கு 160 லிட்டர் என்பது நாளுக்கு 13.8 மில்லியன் லிட்டர். ஐந்து நாளுக்கு 69,000 கன மீட்டர். 3 மீட்டர் ஆழத்தில் 2.3 ஹெக்டர் குளம் இருந்தால் தொழிற்பேட்டை ஆற்றைத் தொடாமல் ஐந்து நாள் ஓடும். பயிர் பூக்கும் வாரத்தில் அந்த ஐந்து நாட்கள் ஒரு போகத்தையே காப்பாற்றலாம். நூற்றுக்கணக்கான ஹெக்டரில் எழும் தொழிற்பேட்டைக்கு இது பெரிய இடமல்ல. நிலத்தைச் சமப்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே குளத்தின் இடம் வரைபடத்தில் இருக்க வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு இடமில்லை என்பார்கள்.

ஒடிசாவில் 1957 இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணை பாசனத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் கட்டப்பட்டது. பின்னாளில் அதன் நீர் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, கால்வாயின் கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை என்று 2007 நவம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் அணையருகே திரண்டு போராடினார்கள். முதலிலேயே எழுதப்படாத பங்கு பின்னால் தெருவில்தான் கேட்கப்படும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

யாரிடம் எழுத்து வாங்குவது என்பதற்குச் சட்டம் தெரிய வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆறு மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. சிலாங்கூரில் 1999 முதல் அதற்கெனத் தனி நீர் வாரியம் உண்டு. மாநிலங்களைக் கடக்கும் ஆறு, அந்த மாநிலங்களுக்கு இடையே உடன்பாடு இல்லாத நிலையில், மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. சுத்திகரித்த குடிநீர் வழங்கும் பணி 2005 அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் இரு அரசுகளுக்கும் பொதுவானது. அதை மேற்பார்வையிடும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் 2006 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி செயல்படுகிறது. ஆகவே ஆற்றில் எடுப்பதற்கும் குழாயில் கொடுப்பதற்கும் தனித்தனிக் கதவுகளைத் தட்ட வேண்டும். மூடா நீருக்குக் கெடா கட்டணம் கேட்பதும் பினாங்கு மறுப்பதும் ஆண்டுக்கணக்கில் நீள்வதைப் பார்க்கும்போது, உலு மூடாவின் 160,000 ஹெக்டர் காட்டை வெட்டாமல் காப்பதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியை இரு மாநிலங்களும் சேர்ந்து தீர்த்தாக வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டு, அறிக்கை பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டால், உங்கள் அளவுகளை அந்தக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் அனுப்புங்கள்.

உடன்பாட்டில், தண்ணீர் குறையும்போது அனைவரும் ஒத்துழைப்பர் என்பதுபோன்ற வரிகளை ஏற்காதீர்கள். பாலத் தூணில் பதித்த அளவுகோலில் மஞ்சள் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று வரையச் சொல்லுங்கள். நீர் மஞ்சளைத் தொட்ட அன்றே மறுபயன்பாடும் முறைப்பாசனமும் தொடங்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் தொழிற்பேட்டை தன் குளத்துக்கு மாற வேண்டும். வீடுகளின் பங்கும் கம்பத்தின் பங்கும் ஆற்றின் பங்கும் எந்தக் கோட்டிலும் குறையக் கூடாது. எடுக்கும் ஒவ்வொரு பம்பிலும் மீட்டர் இருக்க வேண்டும்; அதன் தினசரி அளவை யாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். மீறினால் எவ்வளவு, யாருக்குக் கட்ட வேண்டும் என்பது ரிங்கிட்டில் இருக்க வேண்டும். பயிர் கருகினால் இழப்பீடு எந்த விலையில், எத்தனை நாளில் என்பதும் அவ்வாறே. உடன்பாட்டின் சுருக்கம் மலாயில் மட்டுமின்றித் தமிழிலும் சீனத்திலும் இருக்க வேண்டும்; பூர்வகுடி மக்களுக்கு அவர்கள் மொழியில் அவர்கள் கம்பத்திலேயே வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

கையெழுத்து ஆன பிறகு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி, அளவுகோலின் எண்ணை நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எழுத ஓர் ஆளை நியமியுங்கள். பாலத்துக்குப் பக்கத்தில் உணவுக்கடை வைத்திருப்பவர் மிகப் பொருத்தமானவர். அவர் எப்படியும் அந்த நேரத்தில் அங்கே இருப்பார். பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து எல்லாத் தரப்பினரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றே போடட்டும். கோடுகள் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்பது முதல் வறட்சியில்தான் தெரியும்; ஆகவே முதல் மறுபரிசீலனைக் கூட்டத்தின் தேதியை அடுத்த தைப்பூசத்துக்கு மூன்று வாரம் கழித்து என்று உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள். அன்று காலை கூட்டத்துக்குப் போகும் முன், அதே 20 மீட்டர் நீளத்தில் கயிறு கட்டி ஓட்டத்தை மறுபடி அளந்துகொண்டு போங்கள்.